அறுபத்தொரு சதவீதம்

குத்தாயிஸி நகரப் பிரசவ மருத்துவமனை,
இரண்டாயிரத்தொன்று, பிப்ரவரி.
பிறந்த குழந்தையின் எடையைத் தட்டும்போது
திரை சொல்லிவிட்டதாம்: இடமில்லை.

"மூன்று கிலோ இருநூறு. இதற்குக்கூடவா?"
தொலைபேசியில் நஸிப்ரோலா,
குற்றம் என்னுடையதுபோல.

போய்ப் பார்த்தேன்.
பழுப்பேறிய பெட்டி, நாலு ஜிபி வட்டு.
யாரோ இரண்டாக வகுந்து வைத்திருந்தார்கள்,
சி-க்கு ஒரு பங்கு, டி-க்கு மூன்று.
சி-யில் நான்கு வருடத்துப் பிறப்புகள்
தோளோடு தோள் இடித்துக்கொண்டு.
டி-யில் தலைமை மருத்துவர் மீன் பிடித்த படங்கள்,
அதிலும் பெரும்பாலும் தண்ணீர்தான்.

புது வட்டு வாங்கலாமே என்று நான் கேட்கவில்லை.
அந்த அறையின் ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில்
மருந்து அட்டை.

"சுவரைக் கொஞ்சம் தள்ள வேண்டும்" என்றேன்,
"உள்ளே இருப்பவர்கள் இருக்கும்போதே."
நஸிப்ரோலா சுகுமிக்காரி.
"கோடு நகர்ந்தால் என்ன ஆகும் என்று
எனக்குச் சொல்லாதே.
முதலில் நகல் எடு."

எடுத்தேன், மூன்று குறுந்தட்டில்.
எடுத்தது வேறு, திறந்து பார்ப்பது வேறு;
கணக்கர் அறைக் கணினியில் ஒவ்வொன்றாய்ப் போட்டேன்.
மூன்றாவது தட்டு
தன் பெயரைத் தவிர எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.
இப்போதே சொன்னாயே, மகராசி,
என்று அதை அட்டையின் ஓட்டையில் செருகிவிட்டு
இன்னொன்று எழுதினேன்.

பிறகு வட்டைச் சோதித்தேன். சொத்தை இரண்டு இடம்.
பிறகு சிதறியதை ஒதுக்கும் வேலை,
வண்ணக் கட்டங்கள் ஊர்ந்து ஊர்ந்து
ஒரு மத்தியானம் முழுக்க.
அதற்குள் மாடியில் இரண்டு பிரசவம்,
பென்சிலால் நோட்டுப் புத்தகத்தில்.

இனி மின்சாரம்.
எங்கள் ஊரில் அது சொல்லிவிட்டு வராது,
சொல்லிவிட்டுப் போகாது.
பாதித் தள்ளலில் போனால்
சி-யும் இல்லை, டி-யும் இல்லை.
முற்றத்தில் போந்தோவின் ரொட்டி வண்டி நின்றது;
மனைவிக்கு வலி கண்டிருந்தது, எங்கும் போகமாட்டான்.
அவன் பேட்டரியிலிருந்து ஜன்னல் வழியே
இன்வெர்ட்டருக்கு இரண்டு கம்பி.

நெகிழ்வட்டு, நீலத் திரை, ஆம் என்று ஒரு விசை.
அதற்கப்புறம் கையைக் கட்டிக்கொள்வதுதான் தொழில்.

பன்னிரண்டு. முப்பது. ஐம்பத்தெட்டு.
அறுபத்தொன்றில் ஊரே அணைந்தது.
எங்கள் திரை மட்டும் நீலமாய் நின்றது.

அந்த நீலத்தைப் பார்த்துத்தான் வந்தாள்
மருத்துவச்சி சிசினோ, முழங்கைவரை ஈரம்.
"தலை தெரிகிறது. அந்தக் கம்பியைக் கொடு."

நான் வாயைத் திறக்குமுன்
நஸிப்ரோலா கேட்டாள்,
"இந்தத் திரை எதற்கு?"
எதற்கு?
நாம் பார்ப்பதற்கு.
வேலை நடப்பது கீழே, பெட்டியில்.

திரையைப் பிடுங்கினோம்.
அந்தத் துளையிலிருந்து மாடிப்படி வழியே
ஒரு பல்புக்குப் போனது வெளிச்சம்.
கீழே கும்மிருட்டு.
வட்டு மட்டும் கறுக் கறுக்கென்று
எதையோ தூக்கி எதையோ வைத்துக்கொண்டிருந்தது.
அதைக் கேட்டுக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்.
போந்தோ ஒருமுறை கேட்டான், "உயிரோடு இருக்கிறதா?"
எதைக் கேட்டான் என்று தெரியவில்லை.
இருக்கிறது என்றேன்.

மாடியில் அழுகை கேட்டது. அவன் குழந்தை இல்லை,
அவன் மறுநாள் மத்தியானம்வரை காத்திருந்தான்.
இன்னும் கொஞ்ச நேரத்தில்
கறுக்கலும் நின்றது.

முடிந்ததா, செத்ததா?
தொப்புள்கொடி கட்டி முடிக்கும்வரை
அந்தக் கேள்வியின்மேல் உட்கார்ந்திருந்தோம்.
சிசினோ கம்பியைத் திருப்பித் தந்தாள்.
திரை சூடேற எடுத்துக்கொண்ட நேரத்தை
நான் எங்கும் கணக்கெழுதவில்லை.

நூறு.

நஸிப்ரோலா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
நோட்டைப் பிரித்து
மூன்று கிலோ இருநூறிலிருந்து ஆரம்பித்தாள்.

விடிந்ததும் ரொட்டி வண்டி கிளம்பவில்லை.
தள்ளினோம், மீன் பிடிக்கும் மருத்துவரும் சேர்ந்து,
சரிவுவரை.
அன்று பாதி ஊருக்கு
ரொட்டி பத்தரை மணிக்குத்தான்.