ஏத்தமா, வத்தமா

மஞ்சக்குப்பம். ஜக்கரியா பாய் ஜெராக்ஸ் கடை.
மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்தது.
எம்.எட். விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கம்
அரைமணி நேரமாய்த் திறந்தே கிடக்கிறது.
சிறப்புப் பாடம்: ஏதேனும் ஒன்றை மட்டும்.
ஐந்து மணிக்கு சர்வர் மூடிவிடும்.
பாய் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார்.

கல்வி மேலாண்மை எடு என்றார் வீட்டுக்காரர்.
தலைமை ஆசிரியர் நாற்காலிக்கு அதுதான் படிக்கட்டாம்.
நாற்காலிக்கு எதற்குப் படிக்கட்டு?
அவர் மின்வாரியம். உவமை வராது.

வழிகாட்டலும் ஆலோசனையும் என்றாள் ஹெலன் மனோரஞ்சிதம்,
"பிள்ளைங்க உன்கிட்டதானே வந்து அழுதுங்க."
அழுவது உண்மை.
நான் வழி காட்டியதில்லை,
கைக்குட்டை நீட்டியிருக்கிறேன்.

கல்வித் தொழில்நுட்பம் என்று சொல்லிச் சிரித்தான் மகன்,
புரொஜெக்டரை அணைக்கத் தெரியாமல்
நான் பிளக்கைப் பிடுங்கிய கதையைக் கேட்டவன்.

நாலாவதாக ஒன்று இருக்கிறது.
அளவீடும் மதிப்பீடும்.
அதை யாரும் சொல்லவில்லை.
போன வருஷம் மூன்று பேர்தான் சேர்ந்தார்களாம்.
கேள்வித்தாள் எடுக்கவா ரெண்டு வருஷம் படிப்பாய்
என்றாள் ஹெலன்.

அவளுக்குச் சோனங்குப்பத்துச் சந்தனவேலைத் தெரியாது.
பத்தாம் வகுப்பு 'பி'. அரையாண்டு.
ஐந்து மதிப்பெண் கணக்கு:
கடல் மட்டத்திலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில்
கலங்கரை விளக்கத்தின் உச்சி.
அங்கிருந்து பார்க்க, படகின் இறக்கக் கோணம் முப்பது.
படகு எவ்வளவு தூரத்தில்?

படம் வரைந்திருந்தான், ஸ்கேல் வைக்காமல்.
படகுக்கு என்ஜின் போட்டிருந்தான்.
கோணத்தைக் குறிக்கவில்லை.
கீழே ஒரே வரி:
"டீச்சர், அப்போ கடல் ஏத்தமா வத்தமா, கேள்வியில் இல்லை."

சூத்திரத்துக்கு ஒன்று.
கோணம் குறித்த படத்துக்கு ஒன்று.
பிரதியிட இரண்டு.
அலகோடு விடைக்கு ஒன்று.
விடைக்குறிப்பில் வேறு இடமில்லை.
பதினாலு வருஷமாக ஒரே கம்பெனி சிவப்புப் பேனா.
ரீஃபிலை மாற்றியிருக்கிறேன். குறிப்பை மாற்றியதில்லை.
பூஜ்யம் போட்டு வட்டமிட்டேன்,
வட்டத்துக்கு ஒரு வட்டம்.
மொத்தம் முப்பத்து நாலு.

தாளோடு மேசைக்கு வந்தான்.
"தப்பா டீச்சர்?"
ஏழாவது பீரியட். புழுக்கம்.
கெடிலத்துச் சேற்று வாடை ஜன்னல் வரை வந்திருந்தது.
"கேட்டதுக்கு மட்டும் எழுது" என்றேன்.

இந்தக் கதை சோகமாய் முடிந்திருந்தால்
எனக்குச் சுலபமாய் இருந்திருக்கும்.
அவன் படிப்பை விடவில்லை.
கேட்டதுக்கு மட்டும் எழுதினான்.
பொதுத்தேர்வில் எழுபத்தொன்று.
பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்ததும்
மைசூர்பாகு டப்பாவோடு வந்தான்.
எல்லோருக்கும் கொடுத்தான்.
எனக்கு மட்டும் இரண்டு.

அந்த அரையாண்டுக்குப் பிறகு
அவன் கை தூக்கி நான் பார்க்கவில்லை.
எழுபத்தொன்றில் அது எங்கே கழிந்திருக்கிறது?
கணக்கு டீச்சர் நான்.
எனக்கு வரவில்லை.

போன ஞாயிறு துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனபோது
படகு கட்டும் கல்லில் பாசி பிடித்த பச்சைக் கோடு.
தண்ணீர் அதற்கு ஒரு முழம் கீழே கிடந்தது.
அறுபது மீட்டர், கூட ஒரு முழம்
என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
"எண்ணூறுக்குக் கொறையாது, வேணும்னா எடு"
என்றாள் வஞ்சிரம் விற்றவள்.

"மேடம், நாலு அம்பது."
நாலாவது வட்டத்தைத் தொடுகிறேன்.
"இதுவா? அப்புறம் மாத்த முடியாது."
தெரியும் பாய்.

அடுத்த பக்கம் கேட்கிறது:
இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், இருநூறு எழுத்துகளுக்குள்.
ஏத்தமா வத்தமா
என்று மட்டும் தட்டுகிறேன்.

கட்டத்தின் அடியில் சிவப்பில் வருகிறது:
பதில் போதாது.