மைனஸ் ஐந்தரை

கவிழும்போது சத்தமே இல்லை.
ஒரு பம்போட் கடந்து போயிருந்தது,
அதன் அலை சற்றுத் தாமதமாக வந்தது.
நான் கெத்தாம் தீவின் அலையாத்திக் கிளைகளில்
கொக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஏழு என்று சொல்ல வாய் திறந்தேன்,
எட்டாவதாக வாய்க்குள் கடல் வந்தது.

தலைகீழாகப் பார்த்தால் பச்சை, வெறும் பச்சை.
இடுப்பு ரப்பர்ப் பாவாடையின் வாரை
தடவிப் பிடித்து இழுத்தேன். வெளியே வந்தேன்.
மூக்குக்குள் உப்பு.
மூக்கின்மேல் கண்ணாடி இல்லை.
அதற்கொரு கயிறு வாங்க வேண்டுமென்று
மூன்று மாதமாக நினைத்திருந்தேன்.

மைனஸ் ஐந்தரை.
ஜொகூர் ஒரு சாம்பல் கோடு. உபின் ஒரு கறை.
ஹிதாயா தூரத்து ஆரஞ்சுப் புள்ளி,
அல்லது அது மீன்பண்ணைப் பீப்பாய்.
விசில் ஊதினேன்.
சாங்கியில் இறங்கிய விமானம்
அதை வயிற்றுக்கடியில் வாரிக்கொண்டு போனது.

தோ பாயோ நீச்சல் குளத்தில்
நாற்பது முறை செய்த காரியம்தான் இது.
ஆனால் குளத்துக்கு அடி உண்டு.
குளம் யாரையும் எங்கும் கொண்டுபோவதில்லை.
இங்கே வற்றம் தொடங்கிவிட்டது,
கரை தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

மிதவைப் பையைத் துடுப்பின் முனையில் மாட்டி
ஊதினேன். பாதி காற்று, பாதி இருமல்.
துடுப்பைக் குறுக்கே வைத்து, கால் தூக்கி,
வயிற்றால் ஏறி
ஏறிய பக்கமே விழுந்தேன்.
நீர் நிரம்பிய படகு
அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏற்றும் சோபா போல:
எங்கே பிடித்தாலும் அது தவறான இடம்.

சும்மா கட்டிக்கொண்டு கிடந்தேன்.
அப்போது இடப்பக்கம்,
கை நீட்டினால் தொடலாம் போல,
யாரோ மூச்சு விட்டார்கள்.

மூச்சுதான்.
வெளியே ஒன்று: கனமாக, ஈரமாக,
நாளெல்லாம் நின்றே வேலை பார்த்தவள்
நாற்காலியைக் கண்டதும் விடுவது மாதிரி.
உள்ளே ஒன்று: சட்டென்று, சிக்கனமாக.
பிறகு நீர் மூடிக்கொண்டது.

திரும்பினேன். சாம்பலில் இன்னொரு சாம்பல்
தாழ்ந்துகொண்டிருந்தது. வால் இருந்ததா, தெரியாது.
வாசம் இருந்தது. அறுத்த புல், கொஞ்சம் ஊறியது.
கடலில் யார் புல் அறுத்தது?

பயப்படவில்லை என்றால் பொய்.
இரண்டு கால்களையும் வயிற்றோடு சுருட்டிக்கொண்டேன்.
ஆனாலும் அந்தக் கணக்கு மனதில் நின்றது:
வெளியே நீளம், உள்ளே சுருக்கம், பிறகு வேலை.
அப்படியே விட்டுப் பார்த்தேன். இருமல் அடங்கியது.
பையை மறுபடி ஊதினேன், விறைத்தது.
வயிறு தாழ்த்தி, முகத்தைப் படகின் வாலுக்குத் திருப்பி,
ஒரு கால் குழிக்குள், பிறகு மறுகால்,
எடை முழுக்க மிதவைப் பக்கமே,
மெல்ல, மெல்லப் புரண்டு
உட்கார்ந்தேன்.
பார்க்க அழகாக இருந்திருக்காது. முழங்கையில் தோல் உரிந்திருந்தது.
நூற்றுப்பத்து முறை பம்ப் அடித்து நீரை இறைத்தேன்.
எண்ணினேன். உபி சாலையில் ஒரு லிஃப்ட் கம்பெனிக்குக்
கணக்கு எழுதுகிறவள் நான்.

ஹிதாயா திரும்பி வந்து, நீர்நாய் என்றாள்.
நீர்நாய்க்கு அத்தனை பெரிய நெஞ்சு ஏது என்றேன்.
கண்ணாடி இல்லாமல் என்னத்தைப் பார்த்தாய்?
பார்த்ததாக நான் சொல்லவே இல்லை.
கொஞ்ச தூரம் துடுப்பு போட்டபின்
டுயோங் என்று மட்டும் சொல்லிவிடாதே என்றாள்,
சொல்லேன் என்பது போல.

வாடகைக் கடை ஹெங், மரக்கட்டை என்றார்,
டால்பின் என்றார்,
பதினெட்டு நிமிடம் தாமதம் என்றார்.

இரவு கைப்பேசியில் அகராதியைத் தேடினேன்.
ஆவுளியா.
வாயை முழுக்கத் திறந்தால்தான்
தொடங்கவே முடிகிற பெயர்.

கடையின் படிவமும் வந்திருந்தது.
கவிழ்ந்தது: ஒருமுறை.
இழந்தவை: மூக்குக்கண்ணாடி ஒன்று.
உதவிக்கு வந்தவர் என்ற கட்டத்தில்
விரல் நின்றது.
இல்லை என்று தட்டினேன்.
அழித்தேன்.
வெகுநேரம் கழித்து
மறுபடியும் இல்லை என்றே தட்டினேன்.