பதினோராம் கட்டம்

சங்கத்தின் சொத்து: ஒரு ரப்பர் முத்திரை,
ரொக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு,
பூட்டு தொலைந்துபோன ஒரு சாவி.
பல் மருத்துவர் எத்தேரியின் கிளினிக்கில்
கடைசி நோயாளி வாய் கொப்பளித்துக் கிளம்பியதும்
வியாழக்கிழமைகளில் கூடுகிறோம்.
தாமதமாக வருபவருக்குச் சாய்வு நாற்காலிதான் மிச்சம்.
அதில் மல்லாந்தபடி இதுவரை யாரும்
உருப்படியாக ஓர் ஆட்சேபணை சொன்னதில்லை.

திபிலிசியின் இந்தக் கோடியில்,
பழைய டிராம் கொட்டகைக்குப் பின்னால்
ஒன்றரை ஹெக்டேர் வெட்டவெளி.
அதற்காகத்தான் இவ்வளவும்.

முதல் ஆண்டு பட்டியல் போட்டோம்.
மல்பெரி மரம் முப்பத்தொன்று.
ஜார் காலத்துச் செங்கல் மதில், அறுபது மீட்டர்.
கொட்டகை ஒன்று, கூரை பாதி.
நகராட்சி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தது.
மரங்களுக்கு நோய்.
மதிலில் எவனோ சிமென்ட் பூசியிருக்கிறான், எனவே தொன்மை போயிற்று.
கொட்டகைக்கு வயது போதாது,
இன்னும் பன்னிரண்டு ஆண்டு கழித்து வாருங்கள் என்றார்கள்,
அதுவரை அது நிற்குமானால்.

விசாரணை நாளில் கட்டுமான நிறுவனத்தின் வழக்கறிஞர்
(நல்ல காலணி, அதைவிட நல்ல குரல்)
"அங்கே ஒன்றுமே இல்லையே, ஐயா" என்றார்.
படிவத்தில் பதினோராம் கட்டம்:
பாதுகாக்கப்பட வேண்டிய பொருள்.
காலியாகக் கிடந்தது.

எத்தேரி எழுந்தார்.
"அவர் சொல்வது சரி. ஒன்றுமில்லை.
அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.
நாங்கள் கேட்பதும் அதைத்தான்."

ஜெமால் என் விலாவில் இடித்தான்.
வலேரியான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
குறிப்பேட்டில் நான் 'ஒன்' வரை எழுதி நிறுத்தினேன்.

"நிலம் ஆடிய ராத்திரி நினைவிருக்கிறதா?
வேர் விட்டுப்போன பல்லாக ஒவ்வொரு வீடும்.
ஒன்பது மாடிக் குடியிருப்புகளிலிருந்து
இரவு உடையோடு, ஒற்றைச் செருப்போடு,
கூண்டுக் கிளியோடு
ஆயிரத்துச் சொச்சம் பேர் எங்கே ஓடினோம்?
தேவாலயத்துக்கா? அதன் மணி தானாக அடித்துக்கொண்டிருந்தது.
பூங்காவுக்கா? அங்கே ராட்டினம் முனகியது.
தலையில் விழ எதுவுமே இல்லாத இடம்
ஊரில் அது ஒன்றுதான்.
அங்கே ஒன்றும் இல்லாததால்
நாங்கள் இருந்தோம்."

அதிகாரி பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.
"அன்று மழை, இல்லையா?"
"விடியும்வரை தூறல்."
"எனக்கு யாரோ ஒரு சாக்கு..." என்று தொடங்கியவர்
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
இது நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை.
வழக்கறிஞர் ஆட்சேபித்துவிட்டார்.

தொண்ணூறு நாள் ஒத்திவைப்பு.
வென்றோம் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன்.
நிறுவனத்தின் தகர வேலி
பாதி தூரம் வந்து நின்றிருந்தது.
வேலி முடிகிற இடத்தில் ஒரு நாய்
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முகர்ந்து,
இரண்டும் ஒரே மண்தான் என்று கண்டு
குறுக்கே நடந்தது.
குரா ஆற்றிலிருந்து ஏறிய காற்று
வழியில் எதையும் தட்டாமல்
நேராக என் முகத்துக்கு வந்தது.
காய்ந்த புல், கொஞ்சம் டீசல்.
வெகுநேரம் நின்றேன்.
செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

தீர்ப்பின் நகல் தபாலில் வந்திருக்கிறது.
பதினோராம் கட்டத்தில்
மையால் ஒரு சின்னக் கிடைக்கோடு.
அதற்கு 'எதுவுமில்லை' என்று பொருளா,
'இதுதான்' என்று பொருளா?
மூன்று வியாழன்களாக விவாதிக்கிறோம்.

முத்திரைக்கு மை வாங்க வேண்டும். பொறுப்பு: ஜெமால்.