ஆத்துநெல் வாய்க்கால்

பெர்த்திலிருந்து வந்த கடிதத்தில்
ஒரே கேள்வி:
எங்கள் பெயரில் அங்கே ஏதும் இருக்கிறதா?

அ-பதிவேட்டைப் புரட்டினேன்.
ஹார்ட்னெல் என்று ஒரு சென்ட்கூட இல்லை.

கூடவே வந்த குடும்பக் குறிப்பு சொல்கிறது:
தாமஸ் ஹார்ட்னெல், டெவன் பக்கத்துக் கொல்லன் மகன்,
நாகப்பட்டினத்தில் கப்பலிறங்கினான், கடனோடு.
மதகு ஓவர்சீயர் வேலை.
ஐப்பசி அடைமழையில் ஈடித் வந்து சேர்ந்தாள்,
ஓர் ஆர்மோனியப் பெட்டியோடு;
தை பிறக்குமுன் கட்டைகள் உப்பிப்போயின.
மூன்று பிள்ளைகள். இரண்டு
ஒரே வாரத்தில், வாந்திபேதியில்.
மிஞ்சிய ஹெஸ்டர்
ரயில்வே ஃபிட்டர் ஒருவனைக் கட்டிக்கொண்டு
பட்டறை இடம்பெயர்ந்தபோது பொன்மலை போனாள்.
பிறகு கப்பல்.

அவன் வெட்டிய வாய்க்காலில்
மண் சுமந்தவர்கள் பெயர் குறிப்பில் இல்லை.
என் வகையறாவும் அதில் உண்டு.
எங்களை விசாரித்து
எந்த ஊரிலிருந்தும் தபால் வந்ததில்லை.

சாயங்காலம் பாசன வரைபடத்தை மடிக்கும்போது
கண்ணில் பட்டது:
ஆத்துநெல் வாய்க்கால்.
ஆற்றுத் தண்ணீரில் விளைகிற நெல் என்றே
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
உரக்கச் சொல்லிப் பார்த்தேன், இரண்டு தரம்.
தலையாரி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான்.

பதில் எழுதினேன்:
அம்மணி, நிலம் இல்லை.
கல்லறையை ஐம்பத்திரண்டு புயல் கொண்டுபோய்விட்டது.
பெயர் இருக்கிறது, எங்கள் வாயில் நெல்லாகி.
கடைமடைக்கு இன்னும் தண்ணீர் எட்டவில்லை.
எங்கள் முறை செவ்வாய்க்கிழமை.
அன்றைக்கு
உங்கள் பெயரைச் சொல்லித்தான்
சண்டை போட்டுக்கொள்வோம்.