மூப்பு

இணைப்பைப் பற்றிய கடிதம்
ஓர் இணைப்பாகத்தான் வந்தது.
நூற்றுப் பதினான்கு பக்கம்.
உட்துறைமுக வீதிக் கடையொன்றில்
பக்கத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்து அச்செடுத்தேன்.
கடைப் பெடியன் கேட்டான்:
"காணி வழக்கோ அண்ணை?"
ஓம் என்றேன்.
ஆகாயமும் ஒருவகைக் காணிதானே.

இரண்டு கம்பனி ஒன்றானால்
இரண்டு பட்டியலும் ஒன்றாக வேண்டும்.
அதற்கென்று மூன்று பேர் ஒரு ஹோட்டல் அறையில்
ஒன்பது நாள் இருந்தார்களாம்.
பறந்துகொண்டிருந்தவர்களைச் சீட்டுக்கட்டுப்போல்
ஒன்றுவிட்டு ஒன்று செருகினார்கள்.
சம்பளமில்லா விடுப்பில் கிடந்த எங்களை
அடியில் வைத்தார்கள்.
அதற்குப் பிறகு கட்டைக் குலுக்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டாக இருந்தேன்.
இப்போது ஆயிரத்து இருநூற்று ஆறு.
பதினொரு வருடத்தை
"கணக்கில் கொள்ளப்படாது" என்ற இரண்டு சொல்
தின்றுவிட்டது.
சேவை மூப்பு என்று அதற்குப் பெயர்.
மூப்பைப் பறித்துக்கொண்டு
நரையை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

நாற்பத்தேழாம் பக்கம், ஊதியப் பாதுகாப்பு:
ஒன்றிணைந்த நாளன்று பணியில் இருந்தோர்க்கு மட்டும்.
அன்று நான் உப்புவெளியில்
திமிங்கிலம் பார்க்கப் போகும் படகொன்றில்
வெள்ளைக்காரருக்கு மிதவை அங்கி கட்டிக்கொண்டிருந்தேன்.
வானத்தில் இல்லை என்பது உண்மை.
பணியில் இல்லை என்று யார் சொன்னது?

றம்ஸீன் கிண்ணியாக்காரன்.
பறக்கப் படித்தது ஒன்றாக,
கடன் எடுத்தது ஒரே வங்கியில்,
அவனுக்கு நான் பிணை, எனக்கு அவன்.
மற்றக் கம்பனியில்
எனக்கு மூன்று வருடம் பிந்திச் சேர்ந்தவன்
இப்போது ஐந்நூற்று முப்பது.
அவனுக்கு வாக்கு இருந்தது, ஓமென்று போட்டான்.
எங்களுக்கு இல்லை. சந்தா கட்டாதவர்கள்.
ஏதோவொரு நகரத்து விடுதியிலிருந்து இரவு எடுத்தான்.
"மச்சான், வேணாண்டு போட்டிருந்தா
எல்லாரையும் ஊட்டுக்கு அனுப்பியிருப்பானுகள்."
தெரியும் என்றேன்.
"உன்ட தவணை ரெண்ட நான் கட்டுறன்."
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
கோபிக்க எனக்கு உரிமை இருந்தது.
அவனைக் கோபிக்க முடியவில்லை என்பதில்தான்
கூடக் கோபம்.

செவ்வாய்க்கிழமை மீளழைப்பு வந்தது.
துணை விமானி. முதலாம் வருடச் சம்பளம்.
சீருடைக் காசு அதில் கழிக்கப்படும்.
ஏழு நாளுக்குள் பதில் இல்லையேல்
பெயர் நீக்கம்.

கன்னியாவில் ஏழு கிணறு,
ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு.
முதல் நாள் கொதித்தேன்.
மூன்றாம் நாள் கைவைத்துப் பார்க்கலாம்போல் இருந்தது.
ஐந்தாம் நாள் சுகிர்தா கணக்குப் போட்டாள்:
அவளுடைய தாதிச் சம்பளம், இரவு மேலதிகம்,
வங்கித் தவணை, மகளின் வான் காசு.
வான் என்றால் எங்கள் வீட்டில்
இப்போது பள்ளிக்கூடம் போவதுதான்.
பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்:
"படகுக் காசு மாரியிலயும் வருமோ?"
மாரியில் கடல் பூட்டிவிடும் என்று
இந்த ஊரில் பிறந்தவளுக்குத் தெரியாதா.

ஆறாம் நாள்
மதிலில் வைத்த ஒப்பந்தத்தை
மானொன்று மென்றுகொண்டு நின்றது.
திருகோணமலை மான்களுக்குத் தாள் என்றால் உயிர்.
நான் அதட்டவில்லை.
முப்பதாம் பக்கம்வரை தின்றுவிட்டு
நாற்பத்தேழை விட்டுப் போனது.

ஏழாம் நாள் இரவு படிவத்தைத் திறந்தேன்.
பெயர், அனுமதிப்பத்திர இலக்கம், இரத்த வகை.
சேர்ந்த திகதி என்ற கட்டத்தில்
பழைய திகதியைப் போட்டேன்.
சிவப்பாகி மறுத்தது.
திரும்பப் போட்டேன். திரும்பவும் சிவப்பு.
சீனக்குடாப் பக்கம்
விமானப்படை விமானமொன்று இறங்கும் சத்தம்.
கொஞ்சம் உயரம் கூட என்றது காது,
யாரும் கேட்காமலே.

பதினொன்று ஐம்பது.
சுகிர்தா இரவுக் கடமைக்குப் போயிருந்தாள்.
மூன்றாம் தடவையும்
அதே திகதியைத்தான் எழுதினேன்.