மோட்டர் ஓடுது, தண்ணி வரேல்லை

கொண்டாவில் சந்தியில் பம்ப் கடை வைத்திருக்கும்
அகிலேந்திரன் என்னிடம் கேட்டது சின்னக் கேள்வி:
தங்கச்சி எழுதுறதை எங்கை வைக்கிறது,
கடைப் பேருக்கு முன்னாலை புள்ளி போட்டோ,
பின்னாலை சாய்கோடு போட்டோ?

பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.
எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

தங்கச்சி பெயர் வதனி.
கடையின் பின்னறையில் கொயில் சுற்றுகிறவள்.
இரவில் போனில் எழுதுவாள்:
ஃபுட் வால்வில் பாசி பிடித்தால் என்ன செய்வது,
கெப்பாசிட்டர் வீங்கியதை எப்படி அறிவது,
இரண்டு ஸ்பானரும் ஒரு துண்டு சைக்கிள் டியூபும் இருந்தால்
ஒருவரையும் கூப்பிடத் தேவையில்லை என்று.

அதுதான் அண்ணனுக்கு உறுத்தல்.
"எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தா
ஆர் வந்து புது மோட்டர் வாங்குவினம்?
தனியா வையும் பிள்ளை. பேர் இருக்கட்டும்,
கடைக்குள்ளை மட்டும் வேண்டாம்."

நான் சொன்னேன்:
சாய்கோடு என்றால் ஒரே வளவு, ஒரே படலை.
அவளைத் தேடி வருகிறவன்
உங்கள் மோட்டர்களைத் தாண்டித்தான் போவான்.
புள்ளி என்றால் இடையில் மதில்.
நேற்றுக் குடிவந்த ஆள் என்று
தேடுபொறி அவளை நினைக்கலாம்.
நினைக்காமலும் விடலாம்.

அந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கியது.
பொறியை வைத்திருப்பவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள்.
என் தொழில்காரர் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள்,
ஆமென்றா இல்லையென்றா விளங்காதபடி.

அவர் சிரித்தார்:
"இஞ்சை எல்லாக் கிணத்துக்கும் கீழை
ஒரே சுண்ணாம்புக்கல் தானே.
மதில் மேலை. தண்ணி ஒண்டு."
எனக்குப் பதில் வரவில்லை.
கல்லைத் துளைத்துப் பார்க்குமா,
படலையில் பெயரை வாசித்துவிட்டுத் திரும்பிவிடுமா,
அது.

புள்ளியே போட்டேன்.
போடும்போதுதான் நினைவு வந்தது,
நம் எழுத்தில் தலைமேல் புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் மட்டும் மிஞ்சும்.

மாசியில் நாளுக்கு நான்கு பேர்.
ஒன்று வதனி. ஒன்று நான்.
பங்குனியில் ஆறு.
கடையும் தேடலின் மூன்றாம் பக்கத்தில் அசையாமல் கிடந்தது
விலைபோகாத ஜெட் பம்ப் மாதிரி.
அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

ஆடியில் கிணறுகள் இறங்கின.
உரும்பிராயில், அச்சுவேலியில், புன்னாலைக்கட்டுவனில்
வெங்காயத்துக்கு இறைக்க நின்றவர்கள்
ஒரு கை ஸ்டார்ட்டரில், மறு கை போனில்.
'நீரேற்றியின் உறிஞ்சுதிறன் குறைபாடு' என்று
ஒருவரும் தேடவில்லை.
மோட்டர் ஓடுது தண்ணி வரேல்லை
என்று தேடினார்கள்.
அதே சொல்லில் தலைப்பு வைத்திருந்தவள்
ஒருத்திதான்.

நாளுக்கு அறுநூற்றுப் பத்து.
முதல் பக்கம், முதல் வரி.
அண்ணன் கடை இன்னும் மூன்றாம் பக்கம்.

ஆவணியில் அவரே வந்தார்,
பார்மசிக்கு மேலே என் அறைக்கு,
படியேறிய மூச்சு அடங்குமுன்னே:
"பிள்ளை, அந்தப் புள்ளியை எடுத்துப்போட்டு
அவளை உள்ளுக்கை கொண்டுவரேலாதோ?"

ஏலும். முந்நூற்றொன்று என்றொரு கட்டளை இருக்கிறது:
நிரந்தரமாக இடம் மாறியாயிற்று, இனி அங்கே போ.
பழைய வாசலில் வந்து நிற்பவர்களைக்
கைபிடித்துக் கூட்டிவரும்.
வழியில் கொஞ்சப் பேர் தொலையலாம்.

வதனியைக் கேட்டேன்.
கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:
"நூற்றிப் பன்னிரண்டு... வாறன்.
கடைப் பதிவிலை என்ர பேரும் ஏறின அண்டைக்கு.
நூற்றிப் பதின்மூன்று."

எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வரிதான்.
நட்ட கதியாலும் குறுக்குத் தடியும் மாதிரி
ஒரு குறி இருக்கிறதே, அதை முன்னால் போட்டு
ஓடாமல் நிறுத்தியிருக்கிறேன்.

நேற்று பிரதேச செயலகத்தில் அகிலேந்திரனைக் கண்டதாக
கீழ்க்கடைப் பொடியன் சொன்னான்.
படிவம் எடுக்கவா, வேறு அலுவலா,
கேட்டுவரத் தோன்றவில்லை அவனுக்கு.

இரவு ஒன்றே காலுக்கு எண்ணிக்கையைப் பார்த்தேன்.
புள்ளிக்கு அந்தப் பக்கம்
ஒருவர் இன்னும் விழித்திருக்கிறார்,
பாசி பிடித்த வால்வைப் பற்றி
மூன்றாம் தரமாக வாசித்துக்கொண்டு.