புகார் எண்

டர்பன் மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில்
தொலைபேசி எடுப்பவள் நான்.
எட்டு வருடமாக அதே மூன்று கேள்வி:
எப்போதிலிருந்து?
என்ன நிறம்?
போகிறதா, எதிர்த்து வருகிறதா?
ஃபீனிக்ஸிலோ வெருலமிலோ
எந்தத் தெருவில் எது அடைத்திருக்கிறது என்று
நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவேன்.

ஏழாம் மாதம், செவ்வாய்க்கிழமை,
வயிறு முறுக்கியது,
பிழிந்த துணியை மறுபடி பிழிவதுபோல்
விட்டு விட்டு.
டோங்காட் கிளினிக்கில் நீங்கள்தான் இருந்தீர்கள், டாக்டர்.
பெயர்ப்பட்டை தலைகீழாகத் தொங்கியது,
படிக்க முடியவில்லை.
மசக்கை சிலருக்கு நீளும், என்றீர்கள்.
ஒரு வெள்ளை மாத்திரை. இஞ்சி பிஸ்கட்.
என் மாமியாரும் இதையேதான் சொன்னார்.
அவர் மருத்துவம் படித்தவர் இல்லை.

புதன் இரவு வாந்தி பச்சை.
இலைப் பச்சை அல்ல,
தொட்டியடிப் பாசியின் பச்சை.
வியாழன், வாயுகூடப் பிரியவில்லை.
லோகேந்திரன் காரை விரட்டும்போது
இருபுறமும் கரும்புத் தோட்டம் எரிந்துகொண்டிருந்தது.
கண்ணாடியில் விழுந்த சாம்பலுக்கு
வைப்பரைப் போட்டார்,
மைபோல் இழுபட்டு இன்னும் இருட்டாக்கியது.
சிரித்தேன். சிரித்ததும் வலித்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ம்தெம்பு
சட்டையைத் தூக்கச் சொன்னார்.
பதினாலு வயதில் குடல்வால் எடுத்த தழும்பு
வயிற்றோடு வளர்ந்து
ஊர் மாறிப் போயிருந்தது.
அதன்மேல் விரலை வைத்தபடியே கேட்டார்:
எப்போதிலிருந்து?
என்ன நிறம்?
போகிறதா, எதிர்த்து வருகிறதா?

அழுதுவிட்டேன். வலியால் இல்லை.

எக்ஸ்ரே என்றதும் லோகேந்திரன் குறுக்கே நின்றார்,
பிள்ளை, பிள்ளை என்று.
ஒரு படத்தைவிடத் தாமதம்தான் பிள்ளைக்குக் கெடுதல்,
என்றார் அவர், குரல் உயர்த்தாமல்.
படத்தில் என் குடல் ஏணியாய் அடுக்கி நின்றது,
படிக்குப் படி தேங்கிய நீரின் கோடு.
அதன் நடுவே, சோழி கோத்ததுபோல்
ஒரு குட்டி முதுகெலும்பு.

மூக்கு வழியே குழாய். கையில் உப்புநீர்.
தானே அவிழுமா என்று இரவெல்லாம் பார்த்தார்கள்.
விடியலில் நாடி நூற்றி முப்பது.
அறுத்தார்கள்.

தியேட்டர் சிஸ்டர் நோமுசா பிறகு சொன்னது:
பழைய தழும்பு உள்ளே
ஒரு கயிறு திரித்து வைத்திருந்தது.
கருப்பை எழ எழ அது இறுகி,
ஒரு முழக் குடல் கத்தரிக்காய் நிறத்தில்.
கயிற்றை வெட்ட ஒரு நொடி.
பிறகு வெந்நீர்த் துணியைச் சுற்றிவிட்டு
எல்லோரும் சும்மா நின்றார்களாம்.
ஐந்து நிமிடம். பத்து.
பிள்ளையின் இதயம் மட்டும்
பெட்டிக்குள்ளிருந்து குதிரைபோல் ஓடியதாம்.
அப்புறம் ஓரத்திலிருந்து
வெட்கப்பட்டதுபோல்
சிவப்பு திரும்பியது.

மூன்றாம் நாள், அதிகாலை நாலு பத்து,
பதினொரு பெண்கள் படுத்திருந்த வார்டில்
ஊரறிய
வாயு பிரிந்தது.
நினைவு தெரிந்த நாள் முதல் அடக்கப் பழகியவள் நான்.
பக்கத்துக் கட்டில் கைதட்டியது.
சிஸ்டர் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

மகள் இரண்டு மாதம் கழித்து
அவள் நாளில், அவள் வழியில் வந்தாள்.

டாக்டர், இது புகார் அல்ல.
புகாராகவும் இருக்கலாம்.
நேற்று ஒரு கிழவர் அழைத்தார்,
ஒன்றுமில்லை, சும்மா கொஞ்சம் வாடை, என்று.
எல்லோரும் ஒன்றுமில்லை என்றுதான் தொடங்குகிறார்கள்.
கேட்டேன். நாற்பது நிமிடத்தில் ஆள் அனுப்பினேன்.

பெயர்ப்பட்டையை நேராகக் குத்திக்கொள்ளுங்கள்.
பெயர் தெரியாமல்
எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது?